தீபாவளிப் பொட்டலம் அக்டோபரில், பசி ஜனவரியில்

கேள்வி:

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். கணவர் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் கோயில் குழு வழியாக முப்பது குடும்பங்களுக்கு மளிகைப் பொட்டலம் கொடுக்கிறோம். ஒன்றுக்கு 300 ராண்ட் ஆகிறது. அதற்கு மேல் தெரு முழுக்கப் பலகாரத் தட்டு. டிசம்பரில் போனஸ் வருவதற்கு முன்பே கடன் அட்டை நிரம்பிவிடுகிறது. ஜனவரியில் எங்கள் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கே திண்டாடுகிறோம். அந்த நேரம் பார்த்து, வாரம் மூன்று நாள் வீட்டு வேலைக்கு வரும் ஜுலு பெண்மணி தன் பிள்ளைகளின் சீருடைக்கு முன்பணம் கேட்கிறார். "கிறிஸ்துமஸுக்குத்தான் பொட்டலம் எல்லாம் கொடுத்தோமே" என்று கணவர் எரிச்சல்படுகிறார். வெள்ளிக்கிழமைதோறும் வாசலுக்கு வரும் ஒருவருக்கு ரொட்டி கொடுக்கிறேன். அது சரிதானா என்றும் தெரியவில்லை. நாத்தனாரோ, நான் ஊர் மெச்சுவதற்காகக் கொடுக்கிறேன் என்கிறார். பொட்டலம் கொடுக்கும் படங்களை என் மகன் வாட்ஸ்அப்பில் போடுவதால் அவருக்குப் பதில் சொல்லவும் வழியில்லை. பண்டிகைக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு மற்ற மாதங்களில் கையை விரிப்பது மனத்தை உறுத்துகிறது. வருடம் முழுவதும் கொடுக்க வசதியும் இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

சமூகப் பணியாளரின் பதில்:

அன்புள்ள சகோதரி,

முப்பது பொட்டலம், ஒன்றுக்கு 300 ராண்ட் என்றால் 9,000 ராண்ட். பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 750. வருடம் முழுவதும் கொடுக்க வசதியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வருடம் முழுவதற்குமான தொகையை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஒரே வாரத்தில், கடன் அட்டையில், வட்டியோடு. உங்கள் மனத்திலோ வருமானத்திலோ நான் குறை காணவில்லை. தேதி மட்டும்தான் தவறு.

தீபாவளி வாரத்தில் நம் பகுதியில் நடப்பதைப் பாருங்கள். கோயில் குழு பொட்டலம் கொடுக்கிறது, பஜனைக் குழு கொடுக்கிறது, கணவன் வேலை செய்யும் கம்பெனி கொடுக்கிறது, தேர்தல் ஆண்டாக இருந்தால் அரசியல்வாதிகளும் கொடுக்கிறார்கள். நான் சந்திக்கும் குடும்பங்களில் சில, அந்த ஒரு வாரத்தில் மூன்று நான்கு இடங்களிலிருந்து அரிசியும் எண்ணெயும் பெறுகின்றன. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் பர்ஃபியும் குலாப்ஜாமூனும் எத்தனை நாள் தாங்கும்? அதே வீட்டுக்கு ஜனவரி பத்தாம் தேதி போனால் அலமாரியில் பாதி பாக்கெட் சோளமாவும் கொஞ்சம் உப்பும் இருக்கும். கொடுக்கிறவர்களின் நாட்காட்டியும் பசிக்கிறவர்களின் நாட்காட்டியும் ஒன்றாக இருப்பதில்லை.

ஜனவரி ஏன் இப்படி? பல நிறுவனங்கள் டிசம்பர் சம்பளத்தை விடுமுறைக்கு முன்பே, மாத நடுவிலேயே கொடுத்துவிடுகின்றன. அடுத்த சம்பளம் ஜனவரிக் கடைசியில்தான். நான்கு வாரத்துக்கான பணம் ஆறு வாரம் ஓட வேண்டும். கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்குத் தொழிலே டிசம்பர் நடுவில் நின்று ஜனவரியில்தான் மறுபடி தொடங்குகிறது. தினக்கூலிக்காரருக்கு அந்த இடைவெளியில் வருமானமே கிடையாது. இதோடு பள்ளிகளும் மூடிக்கிடக்கின்றன. அரசின் பள்ளி உணவுத் திட்டத்தில் நாடு முழுவதும் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். பள்ளி மூடினால் அந்தச் சாப்பாடும் நின்றுவிடும். ஐந்து வாரம் கழித்துப் பள்ளி திறக்கும்போது காலணி, சீருடை, நோட்டுப் புத்தகப் பட்டியல் என்று எல்லாம் ஒரே நாளில் வந்து நிற்கும். குழந்தைக்கான அரசு உதவித்தொகை 2025 ஏப்ரலில் 560 ராண்டாக உயர்ந்தது. ஒரு ஜோடி கறுப்புக் காலணியும் ஒரு சட்டையும் வாங்கினால் அதில் என்ன மிஞ்சும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே முப்பது பொட்டலத்தை மூன்றாகப் பிரியுங்கள். பத்து தீபாவளிக்கு. பத்து, பள்ளி திறப்பதற்கு முந்திய வாரத்துக்கு. மீதிப் பத்து ஜூலையில், குளிர்காலப் பள்ளி விடுமுறைக்கு. ஜூலைக்கு நம்மிடமே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: ஆடி பிறந்ததும் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிறோம். மண்டேலா நாளான ஜூலை 18-ஆம் தேதியும் ஆடியின் தொடக்கத்திலேயே வருகிறது. அவர் மக்களுக்காக உழைத்த 67 ஆண்டுகளை நினைத்து அன்று 67 நிமிடம் சேவை செய்யச் சொல்கிறார்கள். போன வருடம் ஒரு நிறுவனத்தார் அடித்த சுவருக்கே இந்த வருடம் இன்னொரு நிறுவனத்தார் வண்ணம் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கூழ் குடிக்க வரும் குடும்பங்களின் கையில் ஒரு பை மளிகையைக் கொடுத்து அனுப்புவது அதைவிடப் பயனுள்ளது.

கோயில் குழு முதலில் தயங்கும். தீபாவளியன்று கொடுத்தால்தான் புண்ணியம் என்று யாராவது ஒரு பெரியவர் சொல்வார். அவரோடு வாதாட வேண்டாம். "தாத்தா, பத்து பொட்டலம் தீபாவளிக்கே கொடுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு மீதியைத் தள்ளி வையுங்கள்.

பணத்தைச் சேர்ப்பது எப்படி என்பதற்கு உங்கள் பாட்டியிடம் பதில் இருக்கும். உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடும் வழக்கம் பழைய வீடுகளில் இருந்தது. மாதக் கடைசியில் அந்தப் பிடி அரிசி இல்லாதவர் வீட்டுக்கோ கோயில் சமையலுக்கோ போகும். யாருக்கும் கை கடிக்காது. அடுப்பு எரிந்த ஒவ்வொரு நாளும் தருமமும் நடந்தது. இன்றைக்கு அந்தப் பானைக்குப் பதில் ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு போதும். சம்பளம் வந்த அன்றே 750 ராண்ட் தானாக அதற்குப் போகும்படி வங்கியில் சொல்லிவிடுங்கள். கடன் அட்டையில் முன்பே நிலுவை இருந்தால் முதல் ஆறு மாதம் 300 மட்டும் போடுங்கள், மீதி 450-ஐக் கடனுக்குக் கட்டுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர் நம்முடையது. கடன் வாங்கித் தானம் செய்தால் அந்தப் புண்ணியத்தில் பாதி வங்கிக்காரனுக்குத்தான்.

இன்னொரு வழியும் உண்டு. ஆப்பிரிக்க மக்கள் நடத்தும் ஸ்டாக்வெல் நமக்குப் புதிதல்ல, கிட்டத்தட்ட நம் சீட்டுதான். மாதம்தோறும் பணம் போட்டு, வருடக் கடைசியில் மொத்த விலைக் கடையில் மூட்டையாக மளிகை வாங்கிப் பிரித்துக்கொள்கிறார்கள். உங்கள் தெருவில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து அப்படி ஒன்று தொடங்கலாம். பத்து கிலோ அரிசியைத் தனித்தனியாக வாங்குவதைவிட மூட்டையாக வாங்கினால் அதே பணத்தில் பொட்டலம் பெரிதாகும்.

தவணை முறையில் கொடுப்பது கஞ்சத்தனமாகத் தோன்றினால் நம் நேட்டால் மாகாணத்தின் பழைய கதையை நினைத்துக்கொள்ளுங்கள். 1860-இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளுக்கு அரசு தானாகப் பள்ளி கட்டித் தரவில்லை. சமூகம் ஒரு பவுண்ட் திரட்டினால் அரசு ஒரு பவுண்ட் போடும் என்ற முறையில்தான் பல பள்ளிகள் எழுந்தன. கரும்புத் தோட்டத்திலும் நகராட்சி வேலையிலும் இருந்தவர்கள் கையில் ஏது மொத்தமாகப் பணம்? சில்லறை சில்லறையாகச் சேர்த்ததுதான். கூலியாக இந்த நாட்டுக்கு வந்த எம். எல். சுல்தான் பின்னாளில் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பெருந்தொகை கொடுத்ததை எல்லோரும் சொல்கிறோம். பெயர் பதியாத நூற்றுக்கணக்கானவர்களின் காசு அந்தப் பள்ளிச் சுவர்களில் இருப்பதைச் சொல்வதில்லை.

இனி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. வாரம் மூன்று நாள் வேலைக்கு வரும் அந்தப் பெண்மணியை வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் பதிவு செய்திருக்கிறீர்களா? மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யும் எந்த வீட்டுப் பணியாளரையும் பதிவு செய்ய வேண்டியது முதலாளியின் கடமை. நீங்கள்தான் முதலாளி. அந்தச் சொல் உங்களுக்கு வினோதமாக இருக்கலாம்; சட்டத்துக்கு அப்படி இல்லை.

செலவைப் பாருங்கள். நாளுக்கு எட்டு மணி, வாரம் மூன்று நாள் என்றால் மாதம் சுமார் 104 மணி நேரம். குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச் முதல் மணிக்கு 28.79 ராண்ட், ஆண்டுதோறும் மார்ச்சில் மாறும் என்பதால் இப்போதைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் சம்பளம் மாதம் ஏறக்குறைய 3,000 ராண்ட். காப்பீட்டுக்கு உங்கள் பங்கு நூற்றுக்கு ஒன்று, அவர் பங்கு நூற்றுக்கு ஒன்று. அதாவது உங்கள் கையிலிருந்து மாதம் 30 ராண்ட். ஒரு வருடத்துக்கு 360. ஒரே ஒரு தீபாவளிப் பொட்டலத்தைவிடச் சற்றுத்தான் அதிகம். அதைக் கட்டியிருந்தால், அவர் வேலை இழந்தாலும், நோயில் படுத்தாலும், பிள்ளை பெற்றாலும் சில மாதங்கள் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.

விபத்து இழப்பீட்டையும் மறக்க வேண்டாம். 2012-இல் பிரிட்டோரியாவில் ஒரு வீட்டுப் பணியாளர் முதலாளி வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்து இறந்துபோனார். வீட்டுப் பணியாளர்களை இழப்பீட்டுச் சட்டம் ஒதுக்கி வைத்திருந்ததால் அவர் மகளுக்கு அந்தச் சட்டப்படி எதுவும் கிடைக்கவில்லை. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2020 நவம்பரில் அந்த ஒதுக்கல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு வீட்டுப் பணியாளர்களும் அந்தப் பாதுகாப்புக்குள் வந்துவிட்டார்கள். அதற்கும் முதலாளியே பதிவு செய்ய வேண்டும்.

சேர வேண்டியதைக் கொடுக்காமல், கிறிஸ்துமஸுக்கு அழகாக நாடா கட்டிய பொட்டலத்தைக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. உங்கள் கணவர் "எல்லாம் கொடுத்தோமே" என்கிறாரே, அந்த "எல்லாம்" எதையெல்லாம் சேர்த்தது என்று இருவரும் ஒரு மாலை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். குறைந்தபட்சக் கூலி, காப்பீடு, ஊதியத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு, இவை மூன்றும் சரியாக இருந்தால் அதற்கு மேல் தருவதுதான் அன்பளிப்பு. ஜனவரி முன்பணத்தைக்கூட அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். கிறிஸ்துமஸ் பொட்டலத்தின் மதிப்பைப் பணமாக்கி, ஜனவரி முதல் வாரத்தில் "பிள்ளைகளின் பள்ளிக்கு" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். கேட்டு வாங்கினால் கடன். கேட்காமல் வந்தால் பரிசு. தொகை ஒன்றுதான், ஆனால் அவர் உங்கள் முன் நிற்கும் விதம் வேறாக இருக்கும்.

அவர் பிள்ளைகள் கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளியில் படித்தால், கட்டண விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. பள்ளிகள் இதை ஒலிபெருக்கி வைத்துச் சொல்வதில்லை. அந்தப் படிவத்தை நிரப்ப நீங்கள் அரை மணி நேரம் உதவினால் அது ஒரு வருடப் பொட்டலத்தைவிடப் பெரிய தொகையாக முடியலாம். மருந்துக் கடையில் படிவங்களோடு பழகிய உங்களுக்கு இது பெரிய வேலையும் அல்ல.

பலகாரத் தட்டைப் பற்றி. அதை நிறுத்தச் சொல்வேன் என்று பயந்திருப்பீர்கள். மாட்டேன். தீபாவளிக்கு நீங்கள் முறுக்கும் போளியும் அனுப்புகிறீர்கள், ரம்ஜானுக்குப் பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்திலிருந்து சமோசா வருகிறது, கிறிஸ்துமஸுக்கு எதிர்வீட்டிலிருந்து கேக். தட்டை வெறுமனே திருப்பி அனுப்பாத இந்தப் பழக்கம்தான் டர்பன் தெருக்களை இன்னும் தெருக்களாக வைத்திருக்கிறது. ஆனால் அதைத் தருமக் கணக்கில் எழுதாதீர்கள். அது உறவுச் செலவு. பன்னிரண்டு வகை வேண்டாம், நான்கு போதும். மிச்சப்படும் பணத்தைப் பார்த்து நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். யார் வீட்டில் எத்தனை வகை என்று எண்ணிப் பார்க்கிறவர்கள் எங்கும் இருக்கத்தான் செய்வார்கள்; அவர்கள் எண்ணட்டும்.

நாத்தனார் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதி உங்கள் மகனின் கைப்பேசியில் இருக்கிறது. பொட்டலத்தை வாங்கக் கை நீட்டும் ஒரு தாயின் முகத்தை, அவர் பிள்ளையின் வகுப்புத் தோழர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுவது எவ்வளவு கொடுமை என்று அவனுக்குப் புரியும் வயதுதான். கோபித்துக்கொள்ள வேண்டாம், கொடுக்கும் காரியத்தில் அவனுக்கு வேறு பொறுப்புக் கொடுங்கள். விலைப் பட்டியலை ஒப்பிடுவது, மூட்டை தூக்குவது, யாருக்கு என்ன தேவை என்று கேட்டு வருவது. படம் வேண்டும் என்றால் அடுக்கி வைத்த அரிசி மூட்டைகளை எடுக்கட்டும். கோயில் குழுக்களுக்கும் இதையே சொல்வேன். நன்கொடையாளர் பெயரை எழுதிய பதாகைக்கு ஆகும் செலவில் இன்னும் இரண்டு மூட்டை வாங்கலாம்.

தேவையைக் கேட்பது என்றேன். அதில் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். பொட்டலத்தில் என்ன வைப்பது என்று வாங்குபவரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் சமையல் எண்ணெய், டின் மீன், பருப்பு, சோப்பு, பெண் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சானிட்டரி நாப்கின் என்று சொல்வார்கள். தேதி முடியப்போகும் பிஸ்கட் பாக்கெட்டுகளை அள்ளிப் போட்டு எண்ணிக்கையை நிரப்புவது எனக்குப் பிடிக்காது. நாம் வாங்கிச் சாப்பிடாததை அடுத்தவருக்கும் கொடுக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை வருபவருக்கு ரொட்டி கொடுங்கள், தவறே இல்லை. பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பணம் வேண்டாம்; ரொட்டியோடு ஒரு முட்டையோ பழமோ சேர்ந்தால் நல்லது. தெருவில் தூங்குகிறவர் என்றால், டர்பன் நகரில் இம்மானுவேல் தேவாலயத்தை ஒட்டியுள்ள டெனிஸ் ஹர்லி மையத்தில் சாப்பாடும் மருத்துவ உதவியும் கிடைக்கும் என்று சொல்லி, ஒரு நாள் பஸ் கட்டணம் கொடுத்து அனுப்பலாம். போவதும் போகாததும் அவர் விருப்பம்.

பேரிடர் நேரத்திலும் இதே தேதிக் கோளாறுதான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதல் இரண்டு வாரம் போர்வையும் உணவும் குவிந்தன. சமூகக் கூடங்களில் தங்கியிருந்தவர்கள் அதற்குப் பிறகும் பல மாதங்கள் அங்கேயே இருந்தார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 1992-இல் தொடங்கிய கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ் போன்ற நிவாரண அமைப்புகள் உடனே களத்தில் இறங்க முடிவது, வெள்ளம் இல்லாத மாதங்களிலும் யாரோ அவர்களுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருப்பதால்தான். உங்கள் 750-இல் ஐம்பதை இப்படி ஓர் அமைப்புக்கு மாதந்தோறும் போகும்படி ஏற்பாடு செய்யலாம்.

காசே இல்லாத மாதங்களுக்கு ஒன்று சொல்கிறேன். உடல்நலமும் ஐம்பது கிலோ எடையும் இருந்தால் 56 நாளுக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம். டிசம்பரில் வழக்கமாகக் கொடுக்கும் பள்ளிகளும் அலுவலகங்களும் மூடியிருப்பதால் கையிருப்பு குறையும். சாலை விபத்துகளோ அந்த மாதத்தில்தான் கூடும். உங்கள் கணவருக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன், கடன் அட்டை தேவையில்லை.

கடைசியாக வரி. வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 18ஏ-இன்படி அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுக்கும் நன்கொடையை, வரிக்குரிய வருமானத்தில் நூற்றுக்குப் பத்து வரை கழித்துக்கொள்ளலாம். கோயில் பூசைக்கும் திருவிழாவுக்கும் கொடுப்பது இதில் சேராது. கோயிலின் சமூக நலப் பிரிவு தனியாக அங்கீகாரம் பெற்றிருந்தால் சேரும். ஆகவே கொடுப்பதற்கு முன்பே "18ஏ ரசீது தருவீர்களா" என்று கேட்டுவிடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வரி ஆண்டு பிப்ரவரிக் கடைசி நாளில் முடிகிறது. மார்ச் முதல் தேதி கொடுத்தால் அது அடுத்த ஆண்டுக் கணக்குக்குப் போய்விடும். திரும்பி வரும் தொகை சிறியதாக இருந்தாலும் அதை ஜூலைப் பொட்டலக் கணக்கில் போட்டு வையுங்கள்.